கூடத்திலே ஒரு படகு!

தாம்பரத்தில் கிடைக்காத சாமான் கிடையாது. ரயில் நிலையத்திலிருந்து சண்முகம் சாலைக்குள் நுழைந்து நடந்தால் ஊசி முதல் உரல் வரை வாங்கிக்கொண்டு திரும்பலாம். ரயில் இருக்கிறது, விமானப் படை நிலையம் இருக்கிறது, 1937-ல் பட்டணத்தின் நெரிசலைவிட்டு இங்கே குடியேறிய கிறிஸ்துவக் கல்லூரியும் அதன் காடும் இருக்கின்றன. இல்லாதது கடல் ஒன்றுதான்.

ஆனாலும் தாம்பரத்துக்காரர்கள் தெருவில் படகு ஓடக் கண்டவர்கள். 2015-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை புரண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளம் முழுகி, ஜனங்கள் மாடியிலும் மொட்டை மாடியிலும் நின்று தவித்தார்கள். மீட்புப் படையினர் ரப்பர் படகுகளோடு வந்தார்கள். கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் சொந்தப் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நேற்றுவரை ஸ்கூட்டர் போன தெருவில் படகு போயிற்று. கைக்குழந்தையையும் கிழவியையும் மாடிப்படியிலிருந்து நேரே படகில் இறக்கினார்கள்.

அன்று அதைப் பார்த்தவர்களில் சிலருக்கேனும் ஓர் எண்ணம் எழுந்திருக்கும். "நம் வீட்டிலேயே ஒரு சின்னப் படகு இருந்தால்?" உடனே இன்னொரு கேள்வியும் எழுந்திருக்கும். "அதை நாமே செய்ய முடியுமா?"

முடியும். ஆசாரி வேலை அறியாதவர்கூட, பொறுமை இருந்தால், கூடத்திலோ கார் நிறுத்தும் இடத்திலோ ஒரு மரப் படகைச் செய்துவிடலாம். அறுபது வருஷங்களுக்கு மேலாக உலகத்தின் பல ஊர்களில் பள்ளி ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் அப்படிச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் கையாளும் வித்தையின் வேரைத் தேடிப் போனால், அது நம்முடைய கோவளம் கடற்கரையையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்பதுதான் வேடிக்கை.

பத்திரிகை விற்ற படகு

பத்திரிகைகள் வாசகர்களுக்குக் காலண்டர் கொடுப்பதுண்டு. தீபாவளி மலர் கொடுப்பதுண்டு. லண்டனில் ஒரு தினசரிப் பத்திரிகை படகையே கொடுக்க ஏற்பாடு செய்தது. 'டெய்லி மிரர்' என்பது அதன் பெயர். இனாமாக அல்ல, விலைக்குத்தான். 1963-ல் அந்தப் படகு வெளிவந்தபோது அதன் விலை 63 பவுன் 11 ஷில்லிங். படகு என்றால் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றிருந்த தேசத்தில், சம்பளக்காரன் எட்டிப் பிடிக்கக்கூடிய விலை அது.

பத்திரிகையின் பெயரையே படகுக்கும் வைத்தார்கள்: 'மிரர்'. அதை உருவாக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜாக் ஹோல்ட், பெயர் பெற்ற படகு வடிவமைப்பாளர். மற்றவர் பாரி பக்னெல். இவர் டெலிவிஷனில் தோன்றி, வீட்டுக் கதவைச் சரி செய்வது எப்படி, அலமாரி அடிப்பது எப்படி என்று ஜனங்களுக்குச் செய்து காட்டியவர். ஒருவருக்குத் தண்ணீர் தெரியும். மற்றவருக்குச் சாமானிய மனிதனின் கை எவ்வளவு தூரம் போகும், எங்கே தடுமாறும் என்பது தெரியும். இரண்டும் சேர்ந்ததால்தான் காரியம் பலித்தது.

விலை கொடுத்தவருக்கு வந்து சேர்ந்தது படகல்ல; கட்டுக் கட்டாகச் சாமான்கள். அளவெடுத்து வெட்டிய பிளைவுட் பலகைகள், செம்புக் கம்பி, கண்ணாடி இழை நாடா, பசை, பாய்மரம், சிவப்புப் பாய், எதற்குப் பிறகு எது என்று சொல்லும் புத்தகம். அவற்றைச் சேர்த்தால் 3.3 மீட்டர் நீளமுள்ள படகு. எடை 45 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம். பாய்மரத்தைக்கூட இரண்டாகப் பிரித்துப் படகுக்குள்ளேயே அடக்கிவிடலாம். ஜனங்கள் கூடத்தில் செய்தார்கள், படுக்கையறையில் செய்தார்கள். இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் உருவாகியிருக்கின்றன.

ஊசியும் நூலும்

இத்தனை பேருக்கு இது எப்படிச் சாத்தியமாயிற்று? பழைய முறையில் படகு கட்டுவது லேசான காரியமல்ல. முதலில் அடிக்கட்டை வைக்க வேண்டும். அதன்மேல் விலா எலும்புகள் மாதிரி வளைந்த சட்டங்களை நிறுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு பலகையையும் வளைத்து, இழைத்து, மயிரிழை பிசகாமல் பொருத்த வேண்டும். பல வருஷம் பட்டறையில் பழகிய கைக்குத்தான் அது வரும்.

மிரர் படகு வேறு வழியைப் பிடித்தது. கென் லிட்டில்டைக் என்பவர் சிறிய துடுப்புப் படகுகளுக்குக் கையாண்ட முறை அது. தையற்காரர் சட்டை தைக்கிறாரே, அதே தத்துவந்தான். துணியைத் தட்டையாக விரித்து வெட்டுகிறார். முன் பாகம், பின் பாகம், கை எல்லாம் மேஜைமேல் கிடக்கும்போது தட்டைதான். விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்ததும் அது மனித உடம்பின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது.

படகிலும் அப்படியே. பிளைவுட்டிலிருந்து அடிப்பலகை இரண்டு, பக்கப்பலகை இரண்டு என்று தட்டையாக வெட்டிக்கொள்கிறார்கள். விளிம்புகளில் ஏறக்குறைய ஆறு அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, செம்புக் கம்பியைக் கோத்து, குறட்டால் முறுக்குகிறார்கள். முறுக்க முறுக்கப் பலகைகள் தாமாகவே வளைந்து, முன்பக்கம் கூராகி, வயிறு அகன்று, படகாக எழுந்து நிற்கும்! காலையில் தரையில் கிடந்த பலகைகள் மாலைக்குள் படகின் உருவத்தை அடைந்துவிடுவதைப் பார்ப்பதில் உள்ள ஆனந்தத்துக்காகவே பலர் இந்த வேலையில் இறங்குகிறார்கள்.

அதன் பிறகு உட்புறத்து மூட்டுகளில் கெட்டியான பசைக் கலவையைப் பூசி, கண்ணாடி இழை நாடாவை ஒட்டுவார்கள். காய்ந்ததும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைக் கத்தரித்து, வெளிப்புறத்து விளிம்புகளை உருட்டி, அங்கும் நாடா ஒட்டுவார்கள். இதற்குத் 'தையலும் பசையும்' என்றே மேல்நாட்டார் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சென்னைக்குத் தையல் புதிதல்ல

1963-ல் லண்டனில் இது பெரிய புதுமை. ஆனால் படகைத் தைப்பது சென்னைக்குப் புதிதா?

சென்னைப் பட்டணத்தில் துறைமுகச் சுவர்கள் எழும்பியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதுவரை கப்பல்கள் தூரக் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கவர்னரானாலும் சரி, துணி மூட்டையானாலும் சரி, சிறு படகில் இறங்கித்தான் கரைக்கு வர வேண்டும். நடுவில் அலைகளின் ஆர்ப்பாட்டம். சீமையிலிருந்து வந்த கப்பல்களின் சிறு படகுகள் இந்த அலையில் மோதித் தரையில் இடித்தால் உடைந்துபோகும். ஆணி அடித்து விறைப்பாகக் கட்டிய படகுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது.

அந்த வேலைக்கு நம் ஊரார் வைத்திருந்தது மசூலாப் படகு. அதில் ஆணி கிடையாது. விலாச் சட்டமும் கிடையாது. பலகைகளின் விளிம்புகளில் துளையிட்டு, நடுவே வைக்கோல் போன்ற அடைப்பை வைத்து, தென்னை நார்க் கயிற்றால் தைத்துவிடுவார்கள். அலை தூக்கி மணலில் போட்டாலும் படகு கூடை மாதிரி நெளிந்து கொடுத்துவிட்டு மறுபடி தன் வடிவத்துக்கு வந்துவிடும். துரைமார்களும் துரைசானிகளும் ராமஜபம் செய்யாத குறையாகப் பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தது இந்தத் தையலை நம்பித்தான்.

இந்த வித்தையின் மதிப்பை இப்போது சர்க்காரும் உணர்ந்திருக்கிறது. 2025-ஆம் வருஷம் மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த 'கௌண்டின்யா' என்ற பாய்க்கப்பல், அஜந்தா ஓவியத்தில் காணும் கப்பலைப் பார்த்து, கேரளத்துக் கைவினைஞர்கள் பலகைகளை நார்க் கயிற்றால் தைத்து உருவாக்கியது.

செம்புக் கம்பிக்கும் தென்னை நாருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேல்நாட்டு முறையில் தையல் தாற்காலிகம். பசை காய்கிற வரையில் பலகைகளைப் பிடித்துக்கொள்வதோடு அதன் வேலை தீர்ந்தது. நம்முடைய முறையில் தையல்தான் படகின் உயிர். மற்றபடி, தட்டைப் பலகையை விளிம்பில் துளைத்துச் சேர்க்கும் யோசனை இரண்டுக்கும் ஒன்றே.

அவிழ்த்து உலர்த்தும் படகு

சாமான்களாக வந்து, வீட்டுக்காரனே சேர்த்துக்கொள்ளும் படகு என்கிறோமே, அதற்கும் நம் கரையில் ஒரு மூத்த உறவு உண்டு. அதுதான் கட்டுமரம்.

பெயரே எல்லாவற்றையும் சொல்கிறது: கட்டிய மரம். மிதக்கக்கூடிய லேசான மரத்துண்டுகள் மூன்றோ நான்கோ ஐந்தோ. சில இடங்களில் அதற்கும் மேல். ஒவ்வொன்றையும் செதுக்குவதில் கணக்கு இருக்கிறது. நடுமரம் தாழ்ந்தும் ஓரமரங்கள் சற்று உயர்ந்தும் இருக்கும். அணியப் பக்கம் அலையை ஏறிக் கடக்கும்படி மேல்நோக்கி வளைந்திருக்கும். முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் படகு தயார்.

கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலரப் போடுவார்கள். நீரில் ஊறிய மரம் கனக்கும். கனத்த மரம் தாழும். மறுநாள் விடியுமுன் மறுபடி கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். மேல்நாட்டுக்காரர் ஆயுளில் ஒரு தடவை படகைச் சேர்க்கிறார். நம் மீனவர் தினந்தோறும் சேர்த்தார்!

கட்டுமரத்துக்கு உள்ளே இடமென்று ஒன்று இல்லாததால் தண்ணீர் ஏறி அது முழுகாது. மேலே விழுந்த அலை மரங்களின் இடுக்கு வழியே கீழே போய்விடும். பாறை இடித்து ஒரு மரம் கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். ரிப்பேருக்கு எவரையும் தேடிப் போக வேண்டியதில்லை.

ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பிரயாண நூலிலேயே இந்தப் பெயர் ஏறிவிட்டது. பிறகு அது 'கேட்டமரான்' ஆகி உலகமெங்கும் போயிற்று. 1876-ல் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் இரண்டு உடல்களைப் பக்கம் பக்கமாக இணைத்துக் கட்டிய 'அமரில்லிஸ்' என்ற படகு நியூயார்க் பந்தயத்தில் மற்றப் படகுகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. இன்று கோடிக் கணக்கில் விலை போகும் இரட்டை உடல் உல்லாசப் படகுகளுக்கெல்லாம் நம் குப்பத்துப் பெயர்தான். பெயரைக் கொடுத்த மரத்துக்கும் அந்தப் படகுகளுக்கும் ஜாடை ஒற்றுமை குறைவு என்பது வேறு விஷயம்.

முட்டம் கண்ட பிளைவுட்

பிளைவுட்டைத் தைத்து ஒட்டும் முறை நம் மீனவர்களுக்குச் சரிப்படுமா என்ற கேள்விக்கு, ஏட்டளவில் இல்லாமல் கடலிலேயே பதில் கிடைத்திருக்கிறது.

கன்னியாகுமரி ஜில்லாவில் முட்டம் என்ற கடற்கரைக் கிராமம். 1970-களிலிருந்து அங்கே ஒரு படகு கட்டும் நிலையம் வேலை செய்து வந்தது. வள்ளம் குடைவதற்கான பெரிய மரங்கள் கிடைப்பது அரிதாகி, விலை ஏறிக்கொண்டே போன காலம். படகின் பின்னே மாட்டும் சிறிய மோட்டார்களும் அப்போதுதான் வரத் தொடங்கின. பியர் ஜில்லே என்ற பெல்ஜியக்காரர் முட்டத்தில் தங்கி இந்த வேலையில் ஈடுபட்டார். இங்கிலாந்திலிருந்து எட்வின் கிஃபோர்டு என்ற பொறியியல் நிபுணர் தையலும் பசையும் கொண்டு கட்டும் பிளைவுட் படகு முறையைத் தென்கேரளக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார். மீனவர் சங்கங்களின் தென்னிந்தியக் கூட்டமைப்பு அந்தப் பணியைத் தொடர்ந்து நடத்தியது.

ஆரம்பத்தில் எல்லாம் சுபமாக நடந்துவிடவில்லை. நிபுணர் வரைந்த படகுக்கும் மீனவர் கேட்ட படகுக்கும் தூரம் இருந்தது. வலை எங்கே கிடக்க வேண்டும், எவ்வளவு பேர் எங்கே நின்று இழுப்பார்கள், மணலில் உருட்டும்போது அடிப்பாகம் எவ்வளவு தேயும் என்பதெல்லாம் கடலில் போகிறவனுக்குத்தான் தெரியும். மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்துத்தான் வழிக்கு வந்தது. பியர் ஜில்லே 1985-ல் இந்த அனுபவங்களைப் புத்தகமாக எழுதியபோது அதற்கு வைத்த பெயரின் பொருள், 'சிறியது கடினமானது' என்பது! பிறகு அந்தப் படகு 'பிளை வள்ளம்' என்ற செல்லப் பெயரோடு குமரி முதல் திருவனந்தபுரம், கொல்லம் கரை வரை பரவியது.

முட்டம் தரும் பாடம் வீட்டில் படகு செய்கிறவருக்கும் பொருந்தும். படம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும். எந்தத் தண்ணீரில், எத்தனை பேர், எதற்காகப் போகப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

தாம்பரத்தில் செய்ய வேண்டுமானால்...

குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ வசிக்கும் ஒரு குடும்பஸ்தர் இந்த ஆசையில் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பலகையை வாங்கிவந்து கூடத்தில் அடுக்குகிறார். மனைவி வந்து பார்க்கிறாள்.

"என்னங்க, இது எவ்வளவு அகலம் வரும்?"

"நாலரை அடிக்குக் கொஞ்சம் அதிகம்."

"நம்ம வாசக்கதவு மூணரை அடிதானே?"

உலகத்தில் வீட்டில் படகு செய்தவர்கள் அத்தனை பேரும் சந்தித்த கேள்வி இது. வேலையை ஆரம்பிக்குமுன் சந்தித்தால் க்ஷேமம். சிறிய படகைப் பக்கவாட்டில் சாய்த்து வாசலைத் தாண்டலாம். ஆனால் வாசலுக்கு அப்பால் நடை குறுகித் திரும்பினால் நீளம் இடிக்கும். மாடி வீடானால் படிக்கட்டின் திருப்பத்தில் நின்றுவிடும். ஆகவே படகின் நீளம், அகலம், உயரத்துக்கு ஒரு சட்டம் கட்டி, அதை முதலில் வெளியே கொண்டுபோய்ப் பார்த்துவிட வேண்டும். கூரை போட்ட கார் நிறுத்துமிடம் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்தது பலகை. அலமாரிக்கு வாங்கும் சாதாரண பிளைவுட் உதவாது. தண்ணீரில் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். 'மரைன் பிளைவுட்' என்று கேட்டு, ஐ.எஸ். 710 என்ற தர முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். தாள் ஒன்று 8 அடி நீளம், 4 அடி அகலம். 6 மில்லிமீட்டர் கனமானால் ஒரு தாள் சுமார் 12 கிலோ எடை வரும். எட்டு அடிக்கு மேற்பட்ட படகுக்கு இரண்டு தாள்களின் முனைகளைச் சரிவாக இழைத்து ஒட்ட வேண்டும். கனத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்கு அந்தச் சரிவு இருந்தால் ஒட்டு நம்பகமாக இருக்கும்.

இந்த இணைப்புக்குப் பயப்படுகிறவர் குழந்தைகளுக்கான படகிலிருந்து தொடங்கலாம். 1947-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் இரண்டே தாள் பிளைவுட்டில் அடங்கும்படி 'ஆப்டிமிஸ்ட்' என்ற பாய்ப்படகை வரைந்தார். நீளம் எட்டு அடிக்குச் சற்றுக் குறைவு. மூக்கு மழுங்கி, குளிக்கும் தொட்டி மாதிரி இருக்கும். இன்றைக்கும் உலகெங்கும் பிள்ளைகள் பாய் பிடித்துப் பழகுவது அந்தத் தொட்டியில்தான்.

கம்பியை முறுக்கிப் படகு எழுந்து நின்றதும் அவசரப்படக் கூடாது. முன்னும் பின்னும் நேரான இரண்டு ரீப்பர் கட்டைகளைக் குறுக்கே வைத்து, பின்னால் குனிந்து ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரியாவிட்டால் படகு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இப்போது திருத்த ஐந்து நிமிஷம். பசை காய்ந்த பிறகு திருத்த வழி இல்லை. அந்தப் படகு ஆயுள் முழுவதும் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

பசை விஷயத்தில் நம் ஊர் வெயில் ஒரு சோதனை. எபாக்சிப் பசையில் இரண்டு பகுதி உண்டு. டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி அளந்துதான் கலக்க வேண்டும். ரசத்துக்கு உப்புப் போடுகிற கையளவு இங்கே செல்லாது. சீக்கிரம் காயட்டும் என்று ஒன்றைக் கூட்டினால் அது என்றைக்கும் சரியாகக் காயாது. குளிர் தேசத்துப் புத்தகம் அரை மணி என்று சொன்னால், மே மாதத்துத் தாம்பரத்தில் அதில் பாதிகூடத் தாங்காது. நிறையக் கலந்து குவளையில் வைத்தால் அதன் சூட்டிலேயே புகைய ஆரம்பித்துவிடும். விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வைத்துக்கொள்வது உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடக் கூடாது. ஈரக் காற்றில் பசையின் மேல் மெழுகு படர்ந்த மாதிரி ஒரு பூச்சு கிளம்பும். அதைக் கழுவாமல் அடுத்த பூச்சுப் பூசினால் ஒட்டாது. தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

கையுறை இல்லாமல் பசையைத் தொடக் கூடாது. சிலருக்குத் தோலில் பிடித்துக்கொண்டால் பிறகு அந்த வாசனையே ஆகாமல் போய்விடும். உப்புத்தாள் போடும்போது மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். பலகையின் வெட்டு விளிம்புகளுக்குப் பசையை இரண்டு மூன்று தடவை குடிக்கக் குடிக்கப் பூச வேண்டும்; தண்ணீர் உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான். எபாக்சி வெயிலைத் தாங்காது. மேலே பெயிண்ட் அவசியம். வேலை நடக்கும் மாதங்களில் மரத்தைத் தரையில் படவிடக் கூடாது. கரையானுக்கு, இது படகுக்கு வாங்கிய பலகை என்று தெரியாது!

எல்லாவற்றிலும் முக்கியம் மிதப்பு அறைகள். முன்னும் பின்னும் காற்றுப் புகாமல் மூடிய பெட்டி போன்ற அறைகள் இருக்க வேண்டும். ஒரு கன அடி காற்று சுமார் 28 கிலோ பாரத்தைத் தண்ணீரில் தாங்கும். படகு முடிந்ததும் முழங்கால் ஆழத்தில் இறக்கி, வேண்டுமென்றே தண்ணீரை ரொப்பிப் பார்க்க வேண்டும். ரொம்பிய பிறகும் மிதந்தால் அதில் ஏறலாம். அப்படியும் மிதவைச் சட்டை இல்லாமல் எவரும் ஏறக் கூடாது. வெள்ளக் காலத்துச் சுழலில் பழகாதவர் படகை விடுவதும் கூடாது. மோட்டாரும் அனுபவமும் உள்ளவர்களே திணறிய இடம் அது.

எங்கே விடுவது? ஏரிகளிலும் கழிமுகத்திலும் அனுமதி கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே படகை இறக்க வேண்டும். முட்டுக்காட்டில் 1984 முதல் சுற்றுலாக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது. தண்ணீரின் குணத்தைத் தெரிந்துகொள்ள முதலில் அங்கே வாடகைப் படகில் ஏறிப் பார்க்கலாம். பாய் பிடிக்கக் கற்றுக்கொள்ள, 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுகத்தில் இருக்கிறது. சென்னையில் பாய்ப்படகு பழகிய நேத்ரா குமணன், டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்களுக்கு 2021-ல் தகுதி பெற்றார். படகோட்டத்தில் தகுதிச் சுற்றில் வென்று ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்தியப் பெண் அவர்தான்.

கை மறந்தால்...

இவ்வளவு சிரமப்பட்டு ஒரு படகு எதற்கு? கடைக்குப் போனால் காற்றடைக்கும் படகு கிடைக்கிறதே என்று கேட்கலாம். நியாயந்தான். ஆனால் கோவளம் கரையில் நின்று யோசித்தால் இந்தக் கேள்விக்கு வேறு அர்த்தம் தோன்றும்.

கட்டுமரம் இன்று அங்கே அபூர்வம். கண்ணாடி இழைப் படகு 1990-களிலேயே வரத் தொடங்கிவிட்டது. புதுசாகவும் வேகமாகவும் இருந்ததால் சில ஊர்களில் அதற்கு 'மாருதி' என்றே பட்டப்பெயர். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்து மரங்களையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகளே. அவற்றால் நன்மை உண்டு. தினமும் அவிழ்த்துக் கட்ட வேண்டாம், தூரம் போகலாம், அதிக மீன் ஏற்றலாம். வயிற்றுப்பாட்டுக்குக் கடலில் போகிறவர் அதைத் தேர்ந்தெடுத்ததில் தவறே இல்லை.

ஆனால் ஒன்று கைநழுவிப் போயிற்று. கட்டுமரக்காரர் தம் படகைத் தாமே அறிந்திருந்தார். எந்த மரம் ஊறுகிறது, எந்தக் கட்டுத் தளர்கிறது என்பது அவர் கைக்குத் தெரியும். உளியும் கயிறும் இருந்தால் வீட்டு வாசலிலேயே சரி செய்துவிடுவார். கண்ணாடி இழைப் படகு அச்சில் வார்த்து எடுப்பது. அதைக் கட்டுகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் ஒருவர். பெரிதாக உடைந்தால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பட்டறைக்குப் போனால் பணம் வேண்டும். பணத்துக்குக் கடன் வேண்டும்.

கட்டுமரத்தைச் செதுக்கும் கணக்கு பெரும்பாலும் தகப்பன் கையிலிருந்து பிள்ளை கைக்கு வந்தது. கை நின்றால் கணக்கும் நின்றுவிடும். சீமையில் அதைப் பெட்டிக்குள் போட்டு, புத்தகம் சேர்த்து, தபாலில் அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். அதனால் தச்சரின் மகனல்லாத குமாஸ்தாவுக்கும் அந்தக் கை கிடைத்தது. பெட்டிக்குள் இருந்தது பலகை மட்டுமா? நான்கு தலைமுறைத் தச்சர்களின் புத்தியும் அல்லவா மடித்து வைத்திருந்தது! நம் கட்டுமரத்துக்கும் மசூலாவுக்கும் அப்படி ஒரு பெட்டி செய்ய நாளாகிவிடவில்லை. செதுக்கத் தெரிந்த வயோதிகர்கள் சில குப்பங்களில் இன்னமும் இருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடமோ கல்லூரியோ நினைத்தால், ஒரு கோடை விடுமுறையில் அவர்களை உட்கார வைத்து, அளவெடுத்து, படம் வரைந்து, பிள்ளைகளைக்கொண்டு ஒரு கட்டுமரத்தைச் செய்து முடித்துவிடலாம்.

ஆகவே, கூடத்தில் படகு செய்ய நினைக்கும் தாம்பரத்து நண்பர், பிளைவுட் கடைக்குப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்கு ஒரு நடை போய்வரட்டும். பிள்ளைகளையும் அழைத்துப் போகட்டும். மணலில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, கட்டுமரத்துக்குக் கட்டு எப்படிப் போடுவீங்க?" என்று கேட்கட்டும். அவர் சிரித்துவிட்டு, பக்கத்தில் கிடக்கும் கயிற்றை எடுத்துக் காட்டுவார். அந்த முடிச்சைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வரட்டும். பலகை வாங்குவதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.